பத்து ரீலும் பாட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. உப்பிலியபுரத்தில் டூரிங் கொட்டகையில் சோடா விற்றேன், டிக்கெட் கிழித்தேன், மூங்கில் நட்டேன், கீற்று வேய்ந்தேன், கடைசியில் அந்தக் கொட்டகையையே குத்தகைக்கு எடுத்தேன். அங்கிருந்து திருச்சிக்கு வந்து, பெரிய கடைவீதிக்குக் கூப்பிடு தூரத்தில், கல் கட்டடக் கொட்டகை ஒன்றைப் பிடித்தேன். எனக்கு முன்னால் படித்தவர்கள் நாலு பேர் அதை நடத்திப் பார்த்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போயிருந்தார்கள். நான் நடத்திக் காட்டினேன்.

எப்படி என்று கேட்பார்கள். யாரையும் நம்பாமல்தான். படப்பெட்டி வந்தால் நானே திறப்பேன். டிக்கெட் கிழிப்பவர் சட்டையில் பை இருக்கக் கூடாது என்று சொல்லி, பையில்லாத சட்டையாக நானே தைத்துக் கொடுத்தேன். முறுக்குக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால், வெளியே வரும்போது தட்டை மூடிய துணியைத் தூக்கிப் பார்ப்பேன். சினிமாத் தொழிலில் எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் ஏமாற்றுவார்கள். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் அன்றைக்கு இரண்டு தரம் எண்ணிப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவேன். பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வரும், காலேஜ் பிள்ளைகள் வருவார்கள். எல்லாரும் சேர் டிக்கெட். தரை டிக்கெட் காலியாகக் கிடக்கும். மற்ற கொட்டகைக்காரர்கள் அதைத் தலையெழுத்து என்று விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஒவ்வொரு இங்கிலீஷ் படத்துக்கும் தமிழில் கதை நோட்டீஸ் அடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காட்டூர் வரைக்கும் கொடுக்க வைத்தேன். கதையை முக்கால்வாசி சொல்லி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிடுவேன். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கூட நோட்டீஸை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படத்துக்கு வந்தார். திருச்சியில் அதைச் செய்த முதல் ஆள் நான்தான். வேறு யாராவது சொந்தம் கொண்டாடினால் நம்பாதீர்கள்.

அந்தக் கதைகளை எழுதியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதுவும் நான்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வாசலில் மாட்டுவதற்கான ஸ்டில் படங்கள் நாலு நாள் முன்பே தபாலில் வந்துவிடும். அவற்றை மேஜையில் பரப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். யார் முகத்தில் கோபம், யார் கண்ணில் தண்ணீர், யார் கையில் துப்பாக்கி. பார்க்கப் பார்க்கக் கதை வந்துவிடும். நான் சொல்லச் சொல்ல அச்சாபீஸ்காரர் எழுதிக்கொள்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியில்லாத இடத்தில் என் கதையே மேல் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஒப்பந்தமானது. ஸ்டில்கள் வந்தன. ஒன்றில் ஒரே மாதிரி கவுன் போட்ட மூன்று பெண்கள் கை நீட்டி நிற்கிறார்கள். ஒன்றில் கிதார் வைத்திருந்த ஒரு நீக்ரோ வாலிபன் மேடையில் மல்லாந்து கிடக்கிறான். ஒன்றில் தடித்த மனிதர் ஒருவர் பியானோ முன்னால் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறார். இன்னொன்றில் நூற்றுக்கணக்கான வெள்ளைக்காரப் பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு அலறி அழுகிறார்கள்.

வேறென்ன வேண்டும்? கதை கண் முன்னால் வந்து நின்றது. மூன்று சகோதரிகள், மூவரும் பாடகிகள். மூவருக்கும் ஒரே கிதார்க்காரன் மேல் காதல். ஊரே கூடியிருக்கும் கச்சேரியில், பாட்டின் நடுவே அவன் கொலையாகி விழுகிறான். ஜனங்கள் அலறுகிறார்கள். ‘கொலைகாரன் யார்? வெள்ளித்திரையில் காண்க!’ நான் சொன்ன நோட்டீஸ்களிலேயே அதுதான் சிறந்தது. அச்சாபீஸ்காரர் எழுதி முடித்துவிட்டு, “யாருங்க கொலைகாரன்? எனக்கு மட்டும் சொல்லுங்க” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை ரயிலில் படப்பெட்டி வந்தது. சனிக்கிழமை காலை, ஆபரேட்டரைப் படத்தை ஓட்டச் சொல்லி, காலிக் கொட்டகையில் நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆபரேட்டர் பாலக்கரைக்காரர். நான் அவரைப் பாய் என்பேன். டூரிங் கொட்டகைக் காலத்திலிருந்தே என்னோடு இருந்தவர். மிஷின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பல்சக்கரத்தில் எண்ணெய் குறைகிறது என்று சொல்லக்கூடியவர். அந்த ஊரிலேயே நான் எண்ணிப் பார்க்காமல் விட்ட ஒரே ஆள்.

படம் ஆரம்பித்தது. ஒருவர் வந்து பாடினார். ஜனங்கள் கத்தினார்கள். அவர் போனார், இன்னொருவர் வந்தார். பாடினார். முதல் ரீல் முடிந்தது. நம் படத்திலும் எடுத்தவுடன் பாட்டு வரும், சரி என்று இருந்தேன். இரண்டாவது ரீலும் பாட்டு. மூன்றாவதில் மூன்று சகோதரிகள் வந்தார்கள், நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாடிவிட்டுப் போய்விட்டார்கள். நாலாவது ரீலில் எழுந்து நின்று மேலே பார்த்துக் கத்தினேன்.

“பாய்! கதை எப்ப வரும்?”

மிஷின் ரூம் ஓட்டையிலிருந்து பதில் வந்தது. “தெரியலீங்க மொதலாளி. பாடி முடிச்சதும் வருமோ என்னமோ.”

கிதார்க்காரன் வந்தான். ஆடினான், மண்டியிட்டான், மல்லாந்து விழுந்தான். பெண்கள் அலறினார்கள், அழுதார்கள், ஒருத்தி மயக்கம் போட்டாள். சரி, கொலை நடந்துவிட்டது என்று பார்த்தால் அடுத்த நிமிஷம் அவன் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போகிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை பெண்கள் ஒரு காரணமும் இல்லாமல் அழுவார்களா? ஏதோ நடந்திருக்கிறது. அந்த இடத்தை வெட்டியிருக்கிறார்கள்.

பத்து ரீலும் பாட்டு. படம் முடிந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒரே படப்பெட்டியை இரண்டு கொட்டகைகள் பங்கு போட்டுக்கொள்வது உண்டு. எனக்கும் ஸ்ரீரங்கத்தில் ஒரு கொட்டகைக்கும் அந்த ஏற்பாடு. இங்கே பத்து மணிக்குக் காட்சி, அங்கே பதினொன்றரைக்கு. இங்கே ஓடி முடிந்த ரீல்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி அங்கே கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள். அந்த ஆள் பாயின் மச்சான். ஜங்ஷனிலிருந்து படப்பெட்டியை எடுத்து வந்ததும் அவன்தான்.

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பாட்டு ரீல்களை எனக்கு விட்டுவிட்டு, கதை ரீல்களை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக்குத் தரை டிக்கெட் ஜனங்கள் என் நோட்டீஸை என் முகத்திலேயே வீசுவார்கள். என் பெயர் கெடும். ஸ்ரீரங்கத்துக்காரர் சிரிப்பார்.

படியேறி மிஷின் ரூமுக்குப் போனேன். பாய் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“கதை ரீல் எங்க பாய்?”

“இது பாட்டுக் கச்சேரிப் படம் மொதலாளி. கதையே கிடையாது. ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் நம்பர் வரிசையா இருக்கு, பாருங்க.”

“நம்பரை யார் வேணா எழுதலாம். உங்க மச்சான் ஜங்ஷன்லேர்ந்து நேரா இங்கதான் வந்தானா?”

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. “மொதலாளி, என்ன கேக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?”

“எவ்வளவுக்குப் போச்சுன்னு கேக்கறேன்.”

நான் மெதுவாகப் பேசத் தெரியாதவன். கீழே டிக்கெட் கிழிப்பவர், சோடாக்காரர், கூட்டுகிறவர் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அடுத்த மாசம் என் பொண்ணுக்கு நிக்காஹ். ரீல் திருடன்னு பேரு கிளம்பினா சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? எந்தக் கொட்டகையில என்னைப் படியேத்துவாங்க? நாளைக்கு இந்தப் படத்தை ஓட்டிக் குடுக்கறேன். வேற ஆள் கிடைக்காது உங்களுக்கு. அதோட சரி. ஆனா என் பேரை எப்படிக் கெடுத்தீங்களோ, அப்படியே திருப்பிக் குடுக்கணும்.”

இதுகூட நடிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். குற்றமுள்ளவன்தான் இவ்வளவு தெளிவாகப் பேசுவான் என்பது அப்போது என் எண்ணம்.

மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டேன். படக் கம்பெனி குமாஸ்தா, “டென் ரீல்ஸ் சார், கரெக்ட்தான் சார்” என்றார். ஏன் இவ்வளவு சீக்கிரம் சொல்கிறார், பதிவேட்டைப் புரட்டும் சத்தம்கூடக் கேட்கவில்லையே என்று தோன்றியது. சத்திரத்தில் பஸ் ஏறி நேரே ஸ்ரீரங்கம் போனேன்.

அந்தக் கொட்டகைக்காரர் ஐயங்கார். பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாரும் ஓய். பெருமாளை சேவிக்க வந்தீரா, என்னை வேவு பார்க்க வந்தீரா?”

“கதை ரீல் இங்க வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன்.”

“கதை ரீலா? அது என்ன ஓய், சாதம் வேற, புளிக்காய்ச்சல் வேறன்னு தனித்தனிப் பாத்திரத்துல வரதுக்கு! படம்னா எல்லாம் கலந்துதானே வரும்?” வயிறு குலுங்கச் சிரித்தார். சாவியை என் கையில் கொடுத்தார். “போம். எல்லா ரூமையும் திறந்து பாரும்.”

பார்த்தேன். பெட்டிக்குள், அலமாரிக்குள், திரைக்குப் பின்னால், கக்கூஸில்கூட. எதுவும் இல்லை. திரும்பி வந்தபோது அவர் சிரிக்கவில்லை.

“உம்ம பாயையா சந்தேகப்படறீர்? அவனை மூணு தரம் ஆளனுப்பிக் கூப்பிட்டாச்சு ஓய், கூடச் சம்பளம் தரேன்னு. வரமாட்டேன்னுட்டான். டூரிங் கொட்டகையில ஃபிலிம் தீப்பிடிச்சப்போ, நீர் படப்பெட்டியை விட்டுட்டு அவனைத்தான் முதல்ல இழுத்துண்டு வந்தீராமே? அந்த மனுஷனை விட்டு வரமாட்டேன்னு சொல்லி அனுப்பினான்.”

உண்மையைச் சொல்கிறேன். தீப்பிடித்தது நிஜம். உள்ளே புகுந்தவன் நான் என்பதும் நிஜம், வேறு எவனும் புகவில்லை. ஆனால் புகையில் கையில் அகப்பட்டதைப் படப்பெட்டி என்று நினைத்துத்தான் இழுத்தேன். வெளியே வந்து பார்த்தால் பாய்.

பாலத்தின் மேல் பஸ் வரும்போது மனசு ஒரு நிலையில் இல்லை. பாதி மனசு வெட்கப்பட்டது. பாதி மனசு, கூடச் சம்பளத்தை ஒருவர் வேண்டாம் என்கிறார் என்றால் இங்கே அதைவிட அதிகமாக ஏதோ கிடைக்கிறது என்று அர்த்தம் என்றது. இரண்டாவது பாதியின் பேச்சைக் கேட்டே முன்னுக்கு வந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை தரை டிக்கெட் நிரம்பி வழிந்தது. கொலைப் படம் என்று அரியமங்கலத்திலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. சேரில் பொன்மலைக் குடும்பங்கள் கோட்டும் கவுனுமாக. நான் படத்தைப் பார்க்கவில்லை. மிஷின் ரூம் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றேன். பாயின் மச்சான் வந்து ரீல் எடுத்துப்போனபோது, சைக்கிளில் என்னென்ன கட்டுகிறான் என்று பார்த்தேன்.

இரண்டு ரீல்வரை தரை பொறுமையாக இருந்தது. மூன்றாவதில் ஒரு குரல் கிளம்பியது. “பாட்டு போதும்பா, கதையப் போடு!” நாலாவதில் அதுவே கோரஸாகிவிட்டது. இன்னொரு பக்கம், சேரில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நடுவழியில் ஜோடி ஜோடியாக ஆட ஆரம்பித்துவிட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் சேர் மேல் ஏறி நின்று கை தட்டினார்கள். கலாட்டா பண்ணத்தான் யாரோ காசு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஆடிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்து நிறுத்தினேன். பொன்மலைக்காரர், ரயில் டிரைவர், வாராவாரம் மனைவியோடு வருபவர். சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது.

“சார், உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். உண்மையைச் சொல்லுங்க. கொலை எந்த இடத்துல வருது?”

“கொலையா? யாரு மேன் கொலை பண்றான்?”

“அப்ப இந்தப் பொண்ணுங்க எதுக்கு அழுதுங்க?”

“சந்தோஷம் மேன்!”

“சந்தோஷத்துக்கு யாராவது தலைமயிரைப் பிச்சுக்குவாங்களா?”

அவர் தன் மனைவியைக் கை காட்டினார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, திரையைப் பார்த்துக் கைகொட்டிக்கொண்டிருந்தார். “பாரு. இவளும் அழுறா. யாரைக் கொன்னாங்க இங்க? கச்சேரி மேன் இது, முழுசும் கச்சேரி. ஒரு ரீலும் குறையலை. வாழ்க்கையில இந்த மாதிரி ஒண்ணு நான் பார்த்ததே இல்லை. தேங்க் யூ மேன்!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மறுபடி ஆடப் போய்விட்டார்.

அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் பொய் இல்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

ஐந்தாவது ரீல் முடிந்து இடைவேளை விளக்குப் போட்டார்கள். தரையில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். முந்தைய நாள் நான் கத்தியது எப்படியோ வெளியே போயிருந்தது. ஒருவர் நோட்டீஸைச் சுருட்டிக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினார்.

“யோவ் பாய்! கதைய எங்கய்யா வித்த?”

“இறங்கி வாய்யா கீழே!”

நாலைந்து பேர் படிக்கட்டை நோக்கி நகர்ந்தார்கள். மிஷின் ரூம் ஓட்டையில் பாயின் முகம் தெரிந்தது. அவர் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் பேசாமல் இருந்தால் போதும், நோட்டீஸ் தப்பித்துவிடும், பழி மேலே போய்விடும். அந்தக் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை.

திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறினேன். மைக் எனக்கு எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை.

“எல்லாரும் உக்காருங்க! பத்து ரீல் வந்துச்சு, பத்தும் ஓடுது. பாய் ஒரு அடி ஃபிலிமைக்கூடத் தொடலை. நேத்து நான் அவரைத் திருடன்னு சொன்னேன். சொன்னது தப்பு. நோட்டீஸ்ல இருக்கற கதை படத்துல கிடையாது. அது நான் ஸ்டில்லைப் பார்த்து விட்ட கதை. இதுவரைக்கும் நீங்க படிச்ச எல்லா நோட்டீஸும் நான் விட்டதுதான்.”

சோடா பாட்டில் பறக்கும் என்று எதிர்பார்த்து நின்றேன். தரையில் முன்வரிசையிலிருந்து மார்க்கெட் மூட்டைக்காரர் எழுந்தார்.

“அது போவட்டும் மொதலாளி. அந்தக் கிதார்க்காரனைக் கொன்னது யாரு? அதச் சொல்லுங்க.”

நாலு நாளாக என்னிடமும் அதற்குப் பதில் இல்லை. மேடையில் நின்றபோது வந்துவிட்டது. “பின்னால ஒருத்தன் தலை நிமிராம டிரம் அடிச்சுக்கிட்டே இருக்கான் பாருங்க. யாரு வந்து பாடினாலும் அவன் மட்டும் இடத்தை விட்டு நகரலை. அவன்தான்.”

“நான் அப்பவே நினைச்சேன்!” என்றார் மூட்டைக்காரர்.

மீதி ஐந்து ரீலும் தரை டிக்கெட் ஜனங்கள் டிரம்காரனையே கவனித்தார்கள். அவன் குச்சியைச் சுழற்றினால் “பாரு, பாரு!” கொஞ்சம் சிரித்தால் “எப்படிச் சிரிக்கிறான் பாரு, படுபாவி!” ஒரு பாடகர் பாடிக்கொண்டே அவன் பக்கம் நகர்ந்தபோது, “கிட்டப் போகாதய்யா!” என்று கொட்டகையே கத்தியது. சேரில் இருந்தவர்கள் ஆடினார்கள், தரையில் இருந்தவர்கள் காவல் காத்தார்கள். எந்த ஊரிலோ அடக்கமாக வாசித்துக்கொண்டிருந்த மனுஷன், திருச்சியில் தனக்கு இவ்வளவு பெரிய வேஷம் கிடைத்ததை அறிந்திருக்க மாட்டார். படம் முடிந்தபோது இரண்டு பக்கமும் கை தட்டியது. அப்படி ஒரு காலைக் காட்சியை வேறு எந்தக் கொட்டகைக்காரனும் பார்த்திருக்க முடியாது.

கூட்டம் கலைந்த பிறகு பாய் இறங்கி வந்தார். கையில் மிஷின் ரூம் சாவி.

“பேரைத் திருப்பிக் குடுத்துட்டீங்க. எல்லாருக்கும் கேட்டுச்சு. சந்தோஷம்.”

“அப்ப சாவி எதுக்கு பாய்?”

“பேரு வேற, நம்பிக்கை வேற மொதலாளி. நாளைக்கு இன்னொரு படம் வரும், இன்னொரு ரீல் குறையும். நீங்க மறுபடியும் மேல வருவீங்க.”

“வரமாட்டேன்.”

“எங்க வரமாட்டீங்க?”

“மேல. மிஷின் ரூமுக்கு. இனிமே அந்தப் படியை மிதிக்கவே மாட்டேன். உள்ள என்ன நடக்குதுன்னு கேக்கமாட்டேன். பெட்டியை நீங்களே திறங்க.”

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பாய் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார், நான் அந்த ரயில் டிரைவர் மனைவியின் முகத்தைப் பார்த்த மாதிரி. பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மத்தியானக் காட்சிக்கு மிஷினைத் துடைக்க வேண்டும் என்று மேலே போனார்.

கொட்டகை என் கையில் இருந்தவரைக்கும் அந்தப் படிக்கட்டில் நான் கால் வைக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். மேலே ஏதாவது சத்தம் கேட்கும். ஏதோ உருளும், யாரோ சிரிப்பார்கள், ஒரு நாள் சாம்பிராணி வாசனைகூட வந்தது. முதல் படிவரை போவேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று கேட்பேன். அப்புறம் போய் முறுக்குக்காரரின் தட்டுத் துணியைத் தூக்கிப் பார்ப்பேன்.